ஃபோர்டுக்கு முன்னால் டூரியா

கேள்வி: அமெரிக்காவில் கார் தொழிலைத் தொடங்கி வைத்தவர் ஹென்றி ஃபோர்டு. வந்த வேகத்தில் கடையைக் கட்டிய டூரியா கம்பெனியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. 1896-இல் ஃபோர்டு டெட்ராய்ட்டில் தன் முதல் வண்டியை ஓட்டிப் பார்த்தார். அவர் கையில் இருந்தது அந்த ஒரே வண்டிதான். அதே வருடம் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்ப்ரிங்ஃபீல்டில் டூரியா மோட்டார் வேகன் கம்பெனி, விற்பதற்கென்றே ஒரே அச்சில் 13 பெட்ரோல் வண்டிகளைச் செய்துவிட்டது. ஒரே மாதிரி பல வண்டி செய்து விற்பதுதானே கார் தொழில்? அமெரிக்காவில் அதைத் தொடங்கியவர்கள் சைக்கிள் தொழிலில் இருந்து வந்த அண்ணன் தம்பி, சார்லஸ் டூரியாவும் ஃபிராங்க் டூரியாவும்.

கடையைக் கட்டியது குற்றம் என்றால் ஃபோர்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவரை வைத்து 1899-இல் தொடங்கிய டெட்ராய்ட் ஆட்டோமொபைல் கம்பெனி 1901-இலேயே மூடப்பட்டது.

டூரியா வண்டி சும்மா காட்சிக்கு நின்றதல்ல. 1895 நவம்பரில் சிகாகோவிலிருந்து எவன்ஸ்டன் போய்த் திரும்பும் பந்தயம், 54 மைல். சாலையெல்லாம் பனி. கிளம்பியவை ஆறு, ஊர் வந்து சேர்ந்தவை இரண்டு. வழியில் ஸ்டீயரிங் பாகம் உடைந்துபோக, ஃபிராங்க் அதைச் சரிசெய்துகொண்டு ஓட்டி, பத்து மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுத்து முதலில் வந்தார்.

அந்தப் பதின்மூன்றில் இன்று இருப்பது ஒன்றே ஒன்று. ஸ்டீயரிங் வீல் கிடையாது, திருப்புவதற்கு ஒரு தடிதான். அது இருக்கும் இடம் டியர்பார்னில் ஃபோர்டு தொடங்கிய அருங்காட்சியகமேதான்! 70 டாலருக்கு வாங்கிய பழைய குதிரை வண்டியில் ஒற்றை சிலிண்டர் இஞ்சினைப் பொருத்தி டூரியா சகோதரர்கள் 1893-இல் ஓட்டிய முதல் வண்டி வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்புறம் ஏன் நிலைக்கவில்லை என்கிறீர்களா? சகோதரர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. 1898-இல் கம்பெனி முடிந்தது, ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். வண்டியைச் செய்த பெருமை யாருக்கு என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. சார்லஸ் 1938-இல் இறந்த பிறகும் அது தொடர்ந்தது. யோசனை அண்ணனுடையது, சரி. ஆனால் 1892-இலேயே அவர் இல்லினாய் மாநிலத்துக்குப் போய்விட்டார். பட்டறையிலேயே இருந்து இஞ்சினை ஓடவைத்து, வண்டியைத் தெருவில் இறக்கியவர் தம்பிதான். என்னைக் கேட்டால் பெரிய பங்கு ஃபிராங்க்குக்கே.