ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்

தம்பிக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்), இரண்டு மாதமாகத் தினம் 40 மி.கி. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாபும் ஏற்றியாயிற்று. ஆபரேஷனுக்கு முன் எல்லாவற்றையும் நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். இத்தனை நாள் சாப்பிட்டதில், உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி மந்தமாகியிருக்கும். மாத்திரையையும் நிறுத்தினால் ஆபரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கிவிடலாம்.

ஆனால் இந்த மருந்துகளால் ஆபரேஷனில் சிக்கல் வருமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. பிரெட்னிசலோன் தினம் 20 மி.கி.க்கு மேல் 6 வாரம் தாண்டினால் புண்ணில் சீழ் பிடிப்பது, குடல் தையல் கசிவது எல்லாம் கூடும். இன்ஃப்ளிக்சிமாபை அந்த அளவுக்குக் குறை சொல்ல முடியாது. ஸ்டீராய்டின் இந்த ஆபத்தால்தான் பல சர்ஜன்கள் முதலில் பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் ஸ்டோமா (மலம் வெளியேற ஒரு திறப்பு) வைக்கிறார்கள். ஸ்டீராய்டு நின்று உடம்பு தேறிய அப்புறம்தான் உள்ளே மலம் தங்கச் சிறுகுடலால் பை அமைப்பது. தம்பிக்கும் அப்படித்தானா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி பற்றியும் கேளுங்கள். இந்த நோயிலேயே ரத்தம் உறையும் ஆபத்து அதிகம்.