உப்பு ஏரி வற்றும் ஊருக்கு வீசிங் உள்ள பிள்ளையோடு குடிபோகலாமா?

கேள்வி: கணவருக்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கிருக்கும் பெரிய உப்பு ஏரி வற்றி, ஆர்சனிக் கலந்த புழுதி ஊருக்குள் பறக்கிறதாமே? ஏழு வயது மகனுக்கு வீசிங் உண்டு. ஏரிப் பக்கம் வீடு வாங்கலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். வீடு மட்டும் இப்போது வேண்டாம். முதல் வருடம் வாடகைக்கே இருங்கள்.

புழுதி பயம் வெறும் வதந்தியில்லை. கிரேட் சால்ட் லேக்குக்கு வடிகால் கிடையாது. பேர், வீபர், ஜோர்டன் என்று மூன்று ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் தண்ணீர் ஆவியாகித்தான் போக வேண்டும்; உப்பும் ஆர்சனிக்கும் அடியிலேயே தங்கிவிடும். அந்த ஆற்றுத் தண்ணீரை வழியிலேயே மடக்கிக்கொள்கிறார்கள். பெரும்பங்கு விவசாயத்துக்கு, அதிலும் மாட்டுத் தீவனமான அல்ஃபால்ஃபாவுக்குப் போகிறது. வறட்சியும் சேர்ந்துகொள்ள, 2022 நவம்பரில் ஏரி அதுவரை காணாத அளவுக்கு இறங்கியது. 1980-களின் கடைசியில் சுமார் 8,500 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடந்த ஏரி, அப்போது 2,500-க்கும் கீழே போய்விட்டது. 2023-இல் கொட்டிய பனியில் கொஞ்சம் ஏறி, பிறகு மறுபடி இறங்கிவிட்டது. ஒரு நல்ல பனிக்காலம் வந்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் வெளியே தெரியும் தரை எல்லாமே பறப்பதில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தின் கெவின் பெர்ரி, காய்ந்த படுகை முழுக்க சைக்கிளிலேயே சுற்றி மண் எடுத்துச் சோதித்தார். பெரும்பகுதியில் அப்பளம் மாதிரி ஒரு மேலோடு புழுதியை அமுக்கி வைத்திருக்கிறது. அது இல்லாத சுமார் 9 சதவீத இடம்தான் காற்றடித்தால் கிளம்புகிறது. சிக்கல் என்னவென்றால், அப்படிப்பட்ட இடங்களில் ஒன்றான ஃபார்மிங்டன் வளைகுடா குடியிருப்புகளை ஒட்டியே இருக்கிறது. வண்டி ஏறினால் மேலோடு நொறுங்கிவிடும். வார இறுதியில் ஏரிப் படுகையில் வண்டி ஓட்டலாம் வா என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

உங்கள் மகனுக்கு என் கவலை வேறு. குளிர்காலத்தில் அந்த மலைப் பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று கீழே தங்கி, சூடான காற்று மேலே மூடிக்கொள்ளும். இதைத்தான் அங்கே இன்வெர்ஷன் என்பார்கள். வாகனப் புகையும் ஹீட்டர் புகையும் வெளியேற வழியில்லாமல் நாள்கணக்கில் அடைந்து கிடக்கும். அந்த நுண்துகள் நுரையீரலின் ஆழம் வரை போகும். ஏரிப் புழுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புழுதிக்காற்று வருடத்தில் சில நாட்கள்தான், வசந்த காலத்தில் அதிகம். ஆர்சனிக்கின் தீங்கு பல வருடம் சேர்ந்து வருவது. வீசிங் பிள்ளைக்கோ, எந்தப் புழுதியானாலும் அன்றைக்கே இழுக்கும்.

ஆகவே வீடு பார்க்கும்போது ஃபார்மிங்டன் வளைகுடாவை ஒட்டிய தெருக்களையும் நெடுஞ்சாலை ஓரத்தையும் தவிர்த்துவிடுங்கள். 'பெஞ்ச்' என்று சொல்லும் மலையடிவார மேட்டுப் பகுதிகளில் இன்வெர்ஷன் பெரும்பாலும் லேசாக இருக்கும், வாடகைதான் கூடுதல். ஹீட்டரில் மெர்வ் 13 (நுண்துகளையும் பிடிக்கும் தரம்) ஃபில்டர் பொருந்துமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பையன் தூங்கும் அறைக்கு நுண்துகளை வடிகட்டும் ஹெப்பா காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று வாங்குங்கள். செருப்பை வாசலிலேயே விடும் நம் பழக்கம் அங்கே நல்ல மருந்து. தரையை ஈரத்துணியால் துடையுங்கள்.

காற்றுத்தரம் பார்க்க பலரும் பர்ப்பிள்ஏர் வரைபடத்தைத் திறப்பார்கள்; மக்கள் வீடுகளில் மாட்டியிருக்கும் சின்னக் கருவிகளின் அளவுகளை இணையத்தில் காட்டுவது அது. புகை நாளில் அது உதவும். புழுதி நாளில் ஏமாற்றும், பெரிய துகள்களை அந்தக் கருவி சரியாகப் பிடிக்காது. அன்றைக்கு அரசு நிலையங்களின் பிஎம்10 அளவை, அதாவது பெரிய துகள்களும் சேர்ந்த புழுதி அளவைப் பாருங்கள்.

அப்புறம், டிசம்பருக்கு முன்பே குழந்தை மருத்துவரைப் பார்த்து, இன்ஹேலர் எப்போது எவ்வளவு என்று எழுதி வாங்கி, ஒரு பிரதியைப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். காற்று மோசமான நாளில் விளையாட்டு இடைவேளைக்குப் பையனை உள்ளேயே வைத்திருக்கச் சொல்லி அவர்களிடம் கேட்கலாம்.