வாசகர் கேள்வி – பதில்: ரெகே பாடகர் டூட்ஸ் ஹிபர்ட்

கேள்வி: ரெகே இசை என்றாலே பாப் மார்லி ஒருவரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவர் காலத்தில் அவருக்கு இணையாகப் பாடியவர்கள் யாருமே இல்லையா?
– மதுரையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பலர் இருந்தார்கள். ஒருவரை மட்டும் சொல்லச் சொன்னால், தயங்காமல் டூட்ஸ் ஹிபர்ட்டைச் சொல்வேன். ஃப்ரெடரிக் நதானியல் ஹிபர்ட் என்பது அவருடைய முழுப்பெயர். 1942 டிசம்பர் 8 அன்று ஜமைக்காவின் கிளாரண்டன் பகுதியிலுள்ள மே பென் என்னும் ஊரில், ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த பிரசங்கிகள் என்பதால், அவர் முதலில் பாடப் பழகியது ஆராதனையில் பாடும் பாடகர் குழுவில்தான். சிறுவயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்து, கிங்ஸ்டன் நகரின் ட்ரெஞ்ச் டவுனில் இருந்த அண்ணனிடம் வந்து சேர்ந்தார். மார்லி வளர்ந்ததும் அதே ஏழைக் குடியிருப்பில்தான். அங்கே ஒரு முடிதிருத்தும் கடையில் வேலை பார்த்துக்கொண்டே பாடிவந்த டூட்ஸ், 1960களின் தொடக்கத்தில் ராலி கார்டன், ஜெர்ரி மத்தையாஸ் ஆகிய இருவரோடு சேர்ந்து 'மேய்டல்ஸ்' என்ற மூவர் குழுவை அமைத்தார்.

இந்தக் குழு முதலில் பதிவு செய்த பாடல்களில் ஒன்றின் பெயரே 'அல்லேலூயா' என்பது தற்செயலானதன்று. நம்மூர் பஜனையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவதைப் போல, டூட்ஸ் முன்னால் நின்று அழைப்பார், மற்ற இருவரும் பின்னாலிருந்து பதில் சொல்வார்கள். சபையில் கற்ற இந்த முறையைக் காதல் பாட்டுக்கும் கல்யாணப் பாட்டுக்கும் சிறைப் பாட்டுக்கும் அவர் கடைசிவரை விடாமல் பயன்படுத்தினார் என்பதே, என் பார்வையில், அவரைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி.

கேள்வி: 'ரெகே' என்ற பெயரை வைத்ததே அவர்தானாமே?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கிங்ஸ்டன் தெருப்பேச்சில் அந்தச் சொல் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்தது என்று டூட்ஸே சொல்லியிருக்கிறார். ஆனால் அதை முதன்முதலாக ஒரு பாட்டில் வைத்து, இசைத்தட்டில் ஏற்றியவர்கள் மேய்டல்ஸ் குழுவினர் என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1968இல் வெளிவந்த 'டூ த ரெகே' என்ற அந்தப் பாட்டு ஒரு புதிய நடனத்துக்கான அழைப்பு மட்டுமே. அதன் பெயர் ஓர் இசைவகைக்கே பெயராக நிலைத்துவிடும் என்று எண்ணி யாரும் அதைப் பதிவு செய்ததாகத் தெரியவில்லை.

1962இல் ஜமைக்கா விடுதலை பெற்றபோது அங்கே ஓங்கியிருந்தது ஸ்கா என்னும் வேகமான ஆட்ட இசை. 1966 வாக்கில் அதன் வேகம் தணிந்து ராக்ஸ்டெடி ஆனது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பாஸ் கிட்டார் மேலும் முன்னுக்கு வர, தாளத்தின் வலுவான இடங்களை விட்டுவிட்டு இடைப்பட்ட இடங்களில் கிட்டார் வெட்டிவெட்டி ஒலிக்க, ரெகே பிறந்தது. டூட்ஸ் இந்த மூன்று வகைகளிலும் பாடியவர். 2018இல் யுனெஸ்கோ ரெகே இசையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது, அந்தப் பிறப்பை உடனிருந்து பார்த்தவர்களில் உயிரோடிருந்த சிலருள் அவரும் ஒருவர்.

கேள்வி: அவர் சிறை சென்றவர் என்று படித்தேன். என்ன குற்றத்துக்காக?
– தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கஞ்சா வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. 1966இல், விடுதலை நாள் விழாவையொட்டி ஜமைக்காவில் முதன்முறையாக நடந்த பாட்டுப் போட்டியில் 'பாம் பாம்' என்ற பாட்டுக்காக மேய்டல்ஸ் குழு முதற்பரிசு வென்றது. புகழ் உச்சியில் இருந்த அந்தச் சமயத்தில் டூட்ஸ் கைதாகி, 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். தம்மைத் திட்டமிட்டுச் சிக்கவைத்துவிட்டார்கள் என்பதே கடைசிவரை அவருடைய நிலைப்பாடு.

வெளியே வந்ததும் தயாரிப்பாளர் லெஸ்லி காங்கிடம் சென்று பதிவு செய்த பாட்டுதான் '54-46'. தலைப்பில் இருப்பது கைதி எண். கையை உயர்த்தச் சொல்லும் காவலரின் கட்டளையோடு தொடங்கும் அந்தப் பாட்டில், நான் குற்றம் செய்யவில்லை என்று பாடகர் முறையிடுகிறார். ஆனால் அழுகைக் குரல் எங்குமே இல்லை. பாட்டின் நடுவே, ஒருமுறை அடி என்று வாத்தியக்காரர்களுக்கு ஆணையிடுகிறார், ஓர் அடி விழுகிறது. இரண்டு என்கிறார், இரண்டு விழுகிறது. இப்படியே நான்குவரை போகும். சிறையில் எண்ணாக இருந்தவர் வெளியே வந்து எண்களைத் தம் ஏவலுக்கு ஆடவைக்கிறார் என்றே அந்த இடத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். அவர் அப்படி நினைத்துத்தான் பாடினாரா என்பது வேறு.

லெஸ்லி காங்கிடம் கழிந்த அந்தச் சில ஆண்டுகளே டூட்ஸின் பொற்காலம். 'பிரஷர் டிராப்', 'மங்கி மேன்' இரண்டும் அப்போது வந்தவைதான். 1969இல் அதே விழாப் போட்டியில் மறுபடியும் பரிசு பெற்ற 'ஸ்வீட் அண்ட் டான்டி', ஒரு நாட்டுப்புறக் கல்யாண வீட்டைக் காட்டுகிறது. மணப்பெண் அறைக்குள் அழுதுகொண்டிருக்க, பெரியவர்கள் தேற்ற, கேக்குக்கு ஆன ஒரு பவுண்டு பத்து ஷில்லிங் செலவுகூடப் பாட்டில் கணக்காக வந்துவிடுகிறது. 1971இல் காங் மாரடைப்பால் திடீரென்று இறந்தார். அடுத்த ஆண்டு மேய்டல்ஸ் மூன்றாம் முறையாக அந்தப் பரிசை வென்றது.

கேள்வி: அவ்வளவு திறமை இருந்தும் மார்லி அளவுக்கு அவர் ஏன் உலகப்புகழ் பெறவில்லை?
– புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வாய்ப்புகள் வராமல் இல்லை. 1972இல் வெளிவந்து ரெகே இசையை உலகுக்கு அறிமுகப்படுத்திய 'த ஹார்டர் தே கம்' திரைப்படத்தில் மேய்டல்ஸ் குழுவினர் பாடும் காட்சியே இருக்கிறது. மார்லியை வெளிநாடுகளுக்குக் கொண்டுசென்ற கிறிஸ் பிளாக்வெல்லின் ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனம்தான் டூட்ஸையும் கொண்டுசென்றது. 1975இல் 'த ஹூ' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் அமெரிக்கப் பயணத்தில் முன்னதாகப் பாடும் இடமும் கிடைத்தது. ஆனால் ராக் கேட்க வந்த கூட்டத்திடம் அது எடுபடவில்லை.

மார்லியின் பாடல்களில் ஒரு கொள்கையும், அதை ஏந்தி நிற்கும் ஒரு தலைவரும் தெரிந்தனர். பத்திரிகைகளுக்கு எழுதவும், இளைஞர்கள் சட்டையில் அச்சிட்டு அணியவும் அது வாகாக இருந்தது. டூட்ஸிடம் கிடைப்பது கிராமத்துக் கல்யாணமும், தன்னை ஏய்த்தவனுக்கு விடும் சாபமும், கடவுளுக்குச் சொல்லும் நன்றியும். இவற்றைக் கொண்டு கொடி பிடிக்க முடியாது. வெறும் குரலை மட்டும் ஒப்பிட்டால் மார்லியைவிட டூட்ஸ் பெரிய பாடகர் என்றே நான் சொல்வேன். மார்லி ரசிகர்கள் பொறுத்தருள்க. சோல் என்னும் அமெரிக்கக் கறுப்பின இசைவகையின் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கோடு விமர்சகர்கள் அவரை ஒப்பிட்டது சும்மா அன்று. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வரின் புகழ்பெற்ற 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' பாட்டை எடுத்து, 'மேற்கு வர்ஜினியா' வரும் இடத்தில் 'மேற்கு ஜமைக்கா' என்று போட்டு அவர் பாடியதைக் கேட்டால், அது யாருடைய பாட்டு என்பதே மறந்துபோகும்.

கேள்வி: மேடையில் அவர் தாக்கப்பட்டது உண்மையா?
– நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உண்மை. 2013 மே மாதம் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து 19 வயது இளைஞர் ஒருவர் வீசிய பெரிய வோட்கா புட்டி அவர் தலையில் பட்டது. அதன்பின் தலைவலியும் மறதியும் கூட்டத்தைக் கண்டாலே அச்சமும் பற்றிக்கொள்ள, எழுபது வயதுக்குப் பிறகும் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தவர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் மேடையேறவில்லை. வழக்கு விசாரணையின்போது அவர் நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு நேர்ந்த துன்பங்களையெல்லாம் விவரித்துவிட்டு, சிறையில் இளைஞர்களுக்கு என்ன நேரும் என்பதைக் கேள்விப்பட்டிருப்பதாகவும், இந்தப் பையனைச் சிறைக்கு அனுப்பினால் தம் வேதனை கூடுமே தவிரக் குறையாது என்றும் அதில் கேட்டுக்கொண்டார். நீதிமன்றம் ஆறு மாதத் தண்டனை விதித்தது. சிறைவாசத்தைப் பாட்டாக்கியவரிடமிருந்து வந்த கடிதம் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் கனம் விளங்கும்.

2016இல் மேடைக்குத் திரும்பினார். 2020 ஆகஸ்டில் 'காட் டு பி டஃப்' என்ற புதிய இசைத்தொகுப்பு வெளிவந்தது. இரண்டு வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, கொரோனா காலத்தில், கிங்ஸ்டன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 77 வயதில் காலமானார். அந்தத் தொகுப்புக்கு மறு ஆண்டு கிராமி விருது கிடைத்தது. 2004இல் வந்த 'ட்ரூ லவ்' தொகுப்புக்காக ஏற்கெனவே ஒரு கிராமி பெற்றிருந்தார்.

கேள்வி: புதிதாகக் கேட்பவர்கள் எதிலிருந்து தொடங்கலாம்?
– சேலத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: 'பிரஷர் டிராப்'. சொற்கள் தொடங்குமுன் வரும் முனகலை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பிறகு '54-46', அதன்பின் 'ஃபங்கி கிங்ஸ்டன்' தொகுப்பு முழுவதும். பிடித்துப்போனால், லண்டனில் 1980 செப்டம்பரில் பாடி, 24 மணி நேரத்துக்குள் இசைத்தட்டாக்கிக் கடைக்கு அனுப்பிய மேடைப் பதிவைத் தேடிப் பிடியுங்கள். 'ட்ரூ லவ்' தொகுப்பில் கீத் ரிச்சர்ட்ஸ், எரிக் கிளாப்டன் போன்ற பெரிய பெயர்கள் உண்டு. ஆனாலும் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம், பழைய பதிவுகளைக் கேட்காமல் அதற்குப் போனால் விருந்தினர்கள்தான் கண்ணில் படுவார்கள்.