சோடியம் அயனிக்கும் 10 எலக்ட்ரான், நியானுக்கும் 10: இரண்டும் ஒன்றா?

இல்லை, எலக்ட்ரானை இழந்தாலும் சோடியம் சோடியம்தான். ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் உப்பிலுள்ள சோடியம் அயனியில் (எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்சுமை கொண்ட அணுவே அயனி) 10 எலக்ட்ரான் என்று எண்ணி, "அப்போது அது நியானாக மாறிவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தனிமம் எது என்பதை முடிவு செய்வது அணுக்கருவிலுள்ள புரோட்டான் எண்ணிக்கை மட்டுமே: சோடியத்துக்கு 11, நியானுக்கு 10. உப்பாகும்போது அணுக்கரு மாறுவதே இல்லை.

"எலக்ட்ரானை எண்ணினால் அணு எண் (அதாவது புரோட்டான் எண்ணிக்கை)" என்று மனப்பாடம் செய்ததால் வந்த குழப்பமாக இருக்கும். மின்சுமை இல்லாத அணுவுக்கு மட்டுமே அது சரி.

அயனி என்றால் எலக்ட்ரான் எண்ணிக்கையோடு மின்சுமையைக் குறியோடு கூட்டிப் பாருங்கள், புரோட்டான் எண்ணிக்கை வந்துவிடும்.

1. சோடியம்: 10 + 1 = 11.
2. குளோரைடு (குளோரின் அயனி): 18 − 1 = 17.
3. உப்பு வாரியபின் பாத்தியில் தங்கும் கசப்பு நீரில் மெக்னீசியம் அயனி நிறைய உண்டு. அதற்கும் 10 எலக்ட்ரான்தான். மின்சுமை +2, ஆக 12.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள், அழகான இடம் அது. அதே 10 எலக்ட்ரானை 11-க்குப் பதில் 12 புரோட்டான்கள் இழுப்பதால், மெக்னீசியம் அயனி சோடியம் அயனியைவிடச் சிறியது.

ஒரு எச்சரிக்கை: நிறை எண்ணை (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் கூட்டுத்தொகையை) வைத்துத் தனிமத்தைச் சொல்லாதீர்கள். அதே உப்பில் குளோரின் 35, குளோரின் 37 இரண்டும் கலந்தே இருக்கும். நியூட்ரான்தான் 18, 20 என்று மாறுகிறது. ஆர்கான், பொட்டாசியம், கால்சியம் மூன்றிலுமோ நிறை எண் 40 உள்ள அணுக்கள் உண்டு.