வறுமையில் இருக்கும் வீட்டைப் பற்றி 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொன்னால் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவிடுவார்களா?

பெரும்பாலும் இல்லை. இந்தியாவில் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது என்கிறது. குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி.

அழைத்ததும் முதலில் ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடி, பாலியல் துன்புறுத்தல் போன்ற நிலையில் குழந்தையை உடனே மீட்டு, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது. எங்கே தங்க வைப்பது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள், மீட்டவர் அல்ல.

சமூகப் பணியாளரின் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். வீட்டுக்குப் போய் விசாரித்து சமூக விசாரணை அறிக்கை எழுதுவார். அப்பா குடிக்கிறார் என்று ஒரு வரியில் முடித்தால் அது அறிக்கையே இல்லை. அம்மாவின் கூலி, வாடகை பாக்கி, பாட்டி பக்கத்தில் இருக்கிறாரா, பிள்ளை ஏன் பள்ளிக்குப் போகவில்லை என எல்லாம் அதில் வர வேண்டும். வறுமையையும் புறக்கணிப்பையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் துறையின் பழைய நோய். சோறு இல்லாத வீடு, அன்பில்லாத வீடு ஆகிவிடாது.

பணம்தான் தடை என்றால் மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், கடும் நோயாளி ஆகியோரின் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். அதற்கு 1098-ஐ அழைத்திருக்க வேண்டும் என்பதில்லை.