குளிரில் நின்றுபோன செடியை எழுப்பாதீர்கள்

வாசகர் கேள்வி: வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்திகள் போட்டிருக்கிறேன். பாலக், கேல் கீரை, கேரட், கோஸ் எல்லாம் இலையுதிர் காலம் வரை நன்றாக வந்தன. குளிர் தொடங்கிய பிறகு ஐந்து வாரமாக ஓர் இலைகூடக் கூடுதலாக விடவில்லை. உரம் வைத்தேன், தினமும் தண்ணீர் ஊற்றினேன். சில செடிகள் மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டன. உறைபனி விழுந்த காலைகளில் இலைகள் விறைத்துக் கிடக்கின்றன. கோஸைப் புறாக்கள் கொத்துகின்றன. காய்ந்த தண்டுகளையும் சருகுக் குவியலையும் அகற்றலாம் என்று போனால் உள்ளே ஏதோ சரசரக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் உரப் பையின் வாயைக் கட்டி ஓரமாக வையுங்கள். உங்கள் செடிகளுக்கு நோய் இல்லை, பசியும் இல்லை. அவற்றுக்கு வெளிச்சம் போதவில்லை. குளிர்காலத் தோட்டத்தில் பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். குளிர்தான் செடியை நிறுத்துகிறது என்று எண்ணிக் கண்ணாடிக்குள் வைத்துச் சூடு ஏற்றுகிறார்கள். அப்போதும் செடி அசைவதில்லை. பகலின் நீளம் 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கியதும் கீரை வகைகளின் வளர்ச்சி ஏறத்தாழ நின்றே போகிறது. இலைக்குக் கிடைக்கும் வெளிச்சம் உயிரோடு இருப்பதற்குச் சரியாகப் போகிறது, புது இலை விட மிச்சம் இல்லை.

இந்தக் கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. நிலநடுக்கோட்டிலிருந்து 30 பாகைக்குள் உள்ள ஊர்களில் பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போவதே இல்லை; அங்கே குளிர்காலம்தான் கீரைக்கும் கோஸுக்கும் நல்ல பருவம். 50 பாகையில் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 8 மணி நேரம்தான்; அங்கே மூன்றரை மாதம் வரை தோட்டம் உறங்கும். உங்கள் செடிகள் ஐந்து வாரமாக நின்றுபோயிருப்பதைப் பார்த்தால் நீங்கள் இரண்டாம் வகை ஊரில் இருக்கிறீர்கள். சூரிய உதயமும் மறைவும் காட்டும் அட்டவணையை எடுத்து, பகல் 10 மணி நேரமாகச் சுருங்கும் நாளையும் மீண்டும் 10 மணி நேரமாக நீளும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். தோட்ட நாட்காட்டியில் எனக்கு வேறு எந்தத் தேதியைவிடவும் இந்த இரண்டும் முக்கியம். முதல் தேதிக்குள் பயிர் முக்கால் அளவாவது வளர்ந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விதையுங்கள்: பாலக்குக்கு ஆறிலிருந்து எட்டு வாரம், கேரட்டுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினான்கு வாரம், கேல் கீரைக்கு அதற்கும் முன்பே. குளிர்காலப் பாத்தி என்பது பறிப்பதற்காகக் காத்துவைத்திருக்கும் உயிருள்ள சேமிப்பு அறை. அதில் வளர்ச்சியை எதிர்பார்க்காதீர்கள்.

மஞ்சளாகிச் சாய்ந்த செடிகளைக் கொன்றது பெரும்பாலும் தண்ணீர். வளராத செடி தண்ணீர் குடிப்பதும் குறைவு. குளிர்ந்த மண்ணிலிருந்து ஆவியாவதும் குறைவு. தினமும் ஊற்றினால் மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் வெள்ளையாக விறைப்பாக இருந்தால் பிழைக்கும். பழுப்பாகி, விரலால் உருவினால் தோல் கழன்று நார் மட்டும் மிஞ்சினால் முடிந்தது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், அங்கேயும் காய்ந்திருந்தால் மட்டும் காலையில் ஊற்றுங்கள். உரமும் இப்போது கெடுதல்தான். தழைச்சத்து அதிகமானால் வரும் கொஞ்ச இலையும் கொழுகொழுவென்று நீர்ப்பற்றாக வரும். முதல் உறைபனியிலேயே கருகும். செடி எடுக்காத மிச்சத்தை மழை மண்ணுக்கு அடியில் கொண்டுபோய்விடும்.

இனி உறைபனி. இலை விறைத்துக் கிடப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், தொடாமல் இருங்கள். பாலக், கேல், கேரட் போன்றவை குளிர் படிப்படியாக ஏறும்போது தங்களுக்குள் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. சர்க்கரை கூடிய சாறு எளிதில் உறையாது. பனிக்கட்டி செல்லுக்கு உள்ளே உருவாகாமல், செல்களுக்கு இடையில் உள்ள இடைவெளியில் உருவாகிறது. வெயில் ஏறி மெதுவாக உருகும்போது அந்தத் தண்ணீர் திரும்பச் செல்லுக்குள் போய் இலை நிமிர்ந்துகொள்ளும். உறைந்த நிலையில் கைபட்டால் அந்தப் பனிக்கட்டியே செல்களைக் கிழித்துவிடும். தோட்டம் தொடங்கிய புதிதில், விருந்தினர் வருகிறார்கள் என்று விடியற்காலையில் பாலக் பறிக்கப் போனேன். விறைத்த இலைகளில் நல்லதாகப் பார்த்துத் திருப்பித் திருப்பித் தேர்ந்தெடுத்தேன். மதியம் போய்ப் பார்த்தபோது நான் தொடாத செடிகள் பச்சைப்பசேல் என்று நிமிர்ந்து நின்றன. தொட்ட இலைகளில் கட்டைவிரல் பட்ட இடமெல்லாம் கரும்பச்சையாக, வேகவைத்தது போல் நைந்து, விரல் ரேகை அளவுக்கு அச்சு விழுந்திருந்தது. அன்றிலிருந்து பகல் பதினொரு மணிக்கு முன்னால் பறிப்பதில்லை.

எந்த இரவில் மூட வேண்டும் என்பதை வானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மேகமில்லாமல், காற்றில்லாமல், நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும் இரவுதான் ஆபத்தானது. தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தாழ்வான மூலையில் போய்த் தேங்கும். வானிலை அறிவிப்பில் 3 டிகிரி என்று இருந்தாலும் நம்பியிருக்காதீர்கள். அந்த அளவை ஆள் உயரத்தை ஒட்டிய உயரத்தில் எடுக்கிறார்கள், உங்கள் செடியோ தரையில் இருக்கிறது. அங்கே பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். மாலையில் வெயில் முற்றிலும் இறங்குவதற்கு முன்பே மூடிவிட்டால் மண் பகலில் வாங்கிய சூடு உள்ளேயே தங்கும். இருட்டிய பிறகு மூடினால் பாதிப் பயன்தான். காய்ந்த மண்ணைவிட ஈரமண் கூடுதல் சூட்டைப் பிடித்துவைக்கும். ஆகவே உறைபனி வரும் என்று தெரிந்தால், மண் வறண்டிருக்கும் பாத்திக்கு மட்டும் முந்தைய நாள் காலையில் தண்ணீர் விடுவது நல்லது.

எதைக் கொண்டு மூடுவது? தோட்டத்துக்கென்றே விற்கும் நெய்யப்படாத மெல்லிய வெள்ளைத் துணி போதும். ஓர் அடுக்கு ஏறத்தாழ 2 டிகிரி காக்கும். வளைத்த கம்பிகளின் மேல் போடுங்கள், இலைமேல் படியவிடாதீர்கள். பிளாஸ்டிக் தாளை நேரடியாக இலைமேல் போடுவது மூடாமல் விடுவதைவிட மோசம். பட்ட இடமெல்லாம் கருகும். கண்ணாடி மூடியுள்ள பெட்டி வைத்திருப்பவர்கள் வெயில் அடிக்கும் நண்பகலில் மூடியை ஒரு கை அகலம் தூக்கி முட்டுக்கொடுங்கள். உள்ளே தேங்கும் ஈரத்தில் சாம்பல் பூஞ்சணம் பிடித்தால் ஒரு வாரத்தில் எல்லாம் போய்விடும். எனக்குக் குளிரால் போன செடிகளைவிட இந்தப் பூஞ்சணத்தால் போனவையே அதிகம். தொட்டிச் செடிகளைச் சுவரோரம் நெருக்கி வையுங்கள். இலையைவிட வேர் குளிருக்கு அஞ்சும்.

புறாக்களுக்கு வலைதான் வழி. மின்னும் தட்டுகளும் பொம்மைகளும் நான்கைந்து நாளில் அவற்றுக்குப் பழகிவிடும். ஆனால் வலையைச் செடிமேல் தொளதொளவென்று போர்த்தாதீர்கள். புறா மேலே உட்கார்ந்து வலையோடு சேர்த்துக் கொத்தும். சிறு பறவைகளும் முள்ளெலிகளும் மடிப்புக்குள் சிக்கி இரவெல்லாம் துடித்துச் சாகும். சட்டம் அடித்து விறைப்பாகக் கட்டுங்கள், இலைக்கும் வலைக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், அடிவிளிம்பை முளையடித்துத் தரையோடு இறுக்குங்கள். விரலால் சுண்டினால் அதிர வேண்டும், தொங்கக் கூடாது.

அந்தச் சருகுக் குவியலை விட்டுவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். காய்ந்த தோட்டம் குப்பையாகத் தெரிவது நம் கண்ணுக்கு மட்டும்தான். அதற்குள் அடுத்த ஆண்டின் காவல்படை உறங்குகிறது. உள்ளே சரசரப்பது முள்ளெலியாக இருந்தால், அதன் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 190 அளவிலிருந்து ஏறத்தாழ 20 ஆகக் குறைந்து நீண்ட உறக்கத்துக்குப் போகும் காலம் இது. எழுப்பிவிட்டால் உடலைச் சூடாக்கவே சேர்த்துவைத்த கொழுப்பைச் செலவழித்துவிடும். திரும்பச் சாப்பிட்டு ஈடுகட்ட வெளியே பூச்சி இல்லை. குவியலை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் தோட்ட முள்கரண்டியால் குத்தாமல் கையுறை போட்டுக் கையால் மேலிருந்து அள்ளுங்கள். கொளுத்துவதற்கு முன் முழுக்கக் கலைத்துப் பாருங்கள். பட்டப்பகலில் முள்ளெலி தள்ளாடி நடந்தால் அதற்கு ஏதோ சங்கடம் என்று பொருள். பால் வைக்காதீர்கள், அதற்குச் செரிக்காது. ஒரு தட்டில் தண்ணீர் வைத்துவிட்டு வனவிலங்கு மீட்பவர்களை அழையுங்கள்.

காய்ந்த தண்டுகளும் அப்படித்தான். போன குளிர்காலத்தில் காற்றில் ஒடிந்த ஒரு சூரியகாந்தித் தண்டை எடுத்து ஓரமாகப் போடப் போனேன். உள்ளீடற்ற முனையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் பொறிவண்டுகள், ஒன்றன் முதுகில் ஒன்றாக, மாதுளை முத்துகளை அடைத்துவைத்தது போல். பதினொன்று எண்ண முடிந்தது, அதற்கு அப்பால் தண்டுக்குள் இருட்டு. ஒன்று மட்டும் காலை மெல்ல நீட்டி மடக்கியது. அந்தத் தண்டை வேலியோரம் சாய்த்து வைத்துவிட்டேன். ஒவ்வொரு பொறிவண்டும் தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில், செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளைத் தின்னக்கூடியது. தனித்து வாழும் தேனீக்களும் இதுபோன்ற தண்டுகளுக்குள் குளிரைக் கழிக்கும். நோய் பிடித்த தக்காளித் தண்டு, அழுகிய கோஸ் அடிக்கட்டை ஆகியவற்றை மட்டும் அகற்றுங்கள். மற்றவை வசந்தத்தில் வெப்பம் நிலைக்கும் வரை நிற்கட்டும்.

பறவைகளுக்கு உணவைவிடத் தண்ணீர் கிடைப்பது அரிது. உறைந்த காலையில் தட்டில் வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள். உப்போ உறையாமைக்கான திரவமோ வேண்டவே வேண்டாம், இரண்டும் நஞ்சு. சிறு பறவைகள் கடும் குளிர் இரவு ஒன்றிலேயே உடல் எடையில் 10 விழுக்காடு வரை இழக்கும். விடியலிலும் மாலையிலும் வைக்கும் உப்பில்லாத விதைகள் அவற்றுக்கு உயிர். தட்டை வாரந்தோறும் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். நோய் பரவுவது அழுக்குத் தட்டில்தான். மீன் குளம் இருந்தால் மேலே உறைந்த பனிக்கட்டியைச் சுத்தியலால் உடைக்காதீர்கள், அதிர்ச்சி மீன்களைத் தாக்கும். சுடுநீர் நிரப்பிய பாத்திரத்தைப் பனிமேல் வைத்தால் வட்டமாக உருகிக் காற்றுக்கு வழி திறந்துகொள்ளும்.

இந்த வாரம் உங்களுக்கு வேலை இல்லையா என்றால், இருக்கிறது. மண் கல்லாக உறையாத வரை பூண்டுப் பற்களை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம். பூண்டுக்குச் சில வாரக் குளிர் கட்டாயம். குளிர் படாவிட்டால் பற்களாகப் பிரியாமல் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். விதை போடுவதில் அவசரம் வேண்டாம். பாலக் விதை 20 டிகிரி மண்ணில் ஆறு நாளில் முளைக்கும், 5 டிகிரியில் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் சில அழுகியும் போகலாம். கேரட்டைப் பிடுங்கிவிடாமல் மேலே ஒரு சாண் உயரம் வைக்கோல் மூடாக்குப் போடுங்கள். மண் இளக்கமாகவே இருக்கும், வேண்டும்போது வேண்டியதை எடுக்கலாம்.

நாலைந்து உறைபனி கண்ட கேரட்டுக்கு ஒரு தனி இனிப்பு வந்திருக்கும். அதை வெறும் பொரியலில் வீணாக்காதீர்கள். அரைக் கிலோவை விரல் பருமனுக்கு நறுக்கி, எண்ணெயும் உப்பும் புரட்டி, 200 டிகிரி ஓவன் அடுப்பில் 35 நிமிடம் விளிம்புகள் கருகத் தொடங்கும் வரை சுடுங்கள். இடையே ஒரு வெங்காயமும் இரண்டு பல் பூண்டும் வதக்கி, ஓர் உருளைக்கிழங்கை நறுக்கிச் சேர்த்து முக்கால் லிட்டர் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். சுட்ட கேரட்டைப் போட்டு மசித்து மிளகு தூவினால் சூப் தயார். கேல் கீரையின் நடுத்தண்டை நீக்கி, இலையைக் கிழித்து, எண்ணெய் தொட்டுப் பிசறி அதே அடுப்பில் கடைசி எட்டு நிமிடம் வைத்தால் மொறுமொறுவென்று வரும். சூப்பின் மேல் தூவுங்கள். சர்க்கரை சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள்.

பகலின் நீளம் மீண்டும் 10 மணி நேரத்தை எட்டிய பிறகு ஒரு நாள் பாலக் செடியின் நடுவைக் குனிந்து பாருங்கள். பழைய கரும்பச்சை இலைகளுக்கு நடுவே, எலிக் காது அளவில், வெளிர்ப்பச்சையில் புதிதாக ஓர் இலை நிற்கும். அன்று உரப் பையை அவிழ்க்கலாம். அப்போதும் பாதி அளவு போதும்.