பரம் வீர் சக்ராவை இலக்காகச் சொல்லும் மகன்: குளச்சல் தாயார் ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகன், பொறியியல் கலந்தாய்வுக்கு வரமாட்டேன், காலாட்படை அதிகாரியாகி, போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ராவை வாங்குவேன் என்று பிடிவாதமாக நிற்பதாகவும், அவ்விருதைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் களத்திலேயே இறந்தவர்கள் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து உங்களுக்கு உறக்கமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உறவினர் சொன்னது உண்மைதான். இதுவரை 21 பேருக்கே அது வழங்கப்பட்டிருக்கிறது. அவர்களுள் 14 பேருக்கு மறைவுக்குப் பின்னரே வந்தது. இதை மறைத்து உங்களைத் தேற்ற நான் விரும்பவில்லை.

ஆயினும் விருது வேறு, பணி வேறு. பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா ஆகிய மூன்றும் எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு உரியவை. அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌரிய சக்ரா ஆகியவை அத்தகைய போர்க்களத்துக்கு வெளியே காட்டிய வீரத்துக்கு உரியவை. கார்கில் போரில் படாலிக் பகுதியில் வீழ்ந்த மேஜர் மாரியப்பன் சரவணனுக்கு வீர் சக்ராவும், 2014-இல் ஷோபியானில் தீவிரவாதிகளோடு மோதி உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ராவும் வழங்கப்பட்டது இவ்வாறுதான். இவற்றுக்கு விண்ணப்பமும் இல்லை, பணிமூப்பும் இல்லை. படைப்பிரிவின் தளபதி செய்யும் பரிந்துரை பல நிலைகளில் ஆராயப்பட்ட பிறகே அறிவிப்பு வருகிறது. எனவே ஒரு மாணவன் இதைத் தன் வாழ்க்கைத் திட்டமாக வகுத்துக்கொள்ள இயலாது.

1971 டிசம்பரில், பாகிஸ்தானுடனான போரில், ஷகர்கர் பகுதியில் ஜர்பால் என்ற இடத்தைக் கைப்பற்றிய மேஜர் ஹோஷியார் சிங், எதிர்த்தாக்குதல்கள் அடுத்தடுத்து வந்தபோது, படுகாயத்தோடு பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி சென்று தம் வீரர்களை நிலைநிறுத்தினார்; இயந்திரத் துப்பாக்கியை இயக்கியவர்கள் வீழ்ந்தபின் தாமே அதை இயக்கினார்; போர்நிறுத்தம் வரை அங்கிருந்து அகற்றப்பட மறுத்தார். பரம் வீர் சக்ராவை அவர் உயிரோடு பெற்றார். அன்று அவர் செய்தது, தம்மை நம்பி நின்ற ஒரு கம்பெனிப் படையணியைக் காத்து இடத்தை விடாமல் வைத்திருந்ததே. உன் கையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் உயிரை ஒப்படைத்தால் என்ன செய்வாய் என்று மகனிடம் கேளுங்கள். அவன் சொல்லும் பதிலில் அவனுடைய தகுதி ஓரளவு தெரியும்.

படைத் தேர்வு நேர்காணலில் பரம் வீர் சக்ரா வேண்டும் என்று, பின்னாளில் கார்கில் போரில் வீழ்ந்து அவ்விருதைப் பெற்ற கேப்டன் மனோஜ் குமார் பாண்டே சொன்னதாகக் கூறப்படும் செய்தியை அவன் எங்கேனும் படித்திருக்கலாம். அதே விடையை ஒப்பிக்கும் பிள்ளைகள் பலர். தேர்வுக் குழுவினர் அதைக் கேட்டுச் சலித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இனி நடைமுறை. பிளஸ் டூ மாணவர்கள் எழுதக்கூடிய தேசியப் பாதுகாப்பு அகாதெமித் தேர்வை யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவினரும் எழுதலாம் என்றாலும், கணிதத் தாள் 300 மதிப்பெண்ணுக்கு உண்டு என்பதையும் வினாத்தாள் தமிழில் வராது என்பதையும் அறியாமல் ஏமாறுவோர் உண்டு. பொது அறிவும் ஆங்கிலமும் சேர்ந்த தாளுக்கு 600, நேர்முகத் தேர்வுக்கு 900. தேறினால் புனே அருகே கடக்வாஸ்லாவிலுள்ள அந்த அகாதெமியில் மூன்றாண்டு, டேராடூனில் ஓராண்டு பயிற்சி. காலாட்படையே கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற படைவீரர்களிடம் பேசுவது நல்லது. ஆனால் சிப்பாயாகச் சேர்ந்தவர்களின் வழியும் அதிகாரித் தேர்வின் வழியும் வெவ்வேறு என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

கலந்தாய்வுக்கும் அவன் விண்ணப்பிக்கட்டும். பட்டம் பெற்றபின் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு எழுதிப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி நிலையத்துக்குச் செல்லலாம். மேஜர் முகுந்த் பயின்றது அங்கேதான். அதற்கு முன், நாகர்கோவிலில் கண் மருத்துவர் ஒருவரிடம் அவனுடைய பார்வையையும் நிறங்களைப் பிரித்தறியும் திறனையும் இம்மாதமே பரிசோதித்துவிடுங்கள்.